விரலுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது!

இரவு மணி பதினொன்றே முக்கால். ஒரு டபுள் டெக்கர் பஸ்ஸின் ஜன்னலைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பதற வேண்டாம். அரசாங்கச் சொத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பஸ்ஸின் மொத்த நீளமே 20 சென்டிமீட்டர்தான். சின்ன வயசில் சென்னையில் தாம்பரம் ரூட்டில் ஓடியதே... மாடியில் முன் சீட் பிடிக்க முண்டியடிப்போமே... அந்த பஸ்! நிஜ பஸ் உத்தேசமாக 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டு 50-ஆல் வகுத்தால் 20 சென்டிமீட்டர். மாடல் செய்கிறவர்கள் பாஷையில் 1:50 ஸ்கேல். பி.காம். படித்தவனுக்கு வேறு எது வராவிட்டாலும் வகுத்தல் வரும்.

விளம்பர போர்டு செய்யும் கடையில் வாங்கிய வெள்ளை ஃபோம் ஷீட், 3 மில்லிமீட்டர் கனம். அதன் மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேல். கையில் ஒரு பேப்பர் கட்டர். பிளேடு மழுங்கி ரெண்டு வாரம் ஆச்சு. 'இந்த ஒரு ஜன்னல்தானே, ஓட்டிடலாம்' என்று அழுத்தினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். பிளேடு சரக்கென்று ஸ்கேல் மேல் ஏறியது. ஸ்கேலைப் பிடித்திருந்தது என் இடது கை ஆள்காட்டி விரல்.

முதலில் வலிக்கவே இல்லை. 'பெயின்ட் இன்னும் வாங்கவே இல்லையே, ஷீட்டில் எப்படிச் சிவப்பு?' என்று ஒரு விநாடி யோசித்தேன். அப்புறம் நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்டார்: "என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டபுள் டெக்கர் பஸ்ஸுல ஜன்னல் வெட்டிட்டிருந்தேன் டாக்டர்."

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "சார் டிரிங்க்ஸ் எடுப்பாரா?"

நாலு தையல், ஒரு டி.டி. ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து பில் ரூ.2,840. மறுநாள் கட்டுப்போட்ட விரலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிளேடு பத்து ரூபாய். அதில் எட்டு முனை. ஒரு முனையை உடைத்து எறிந்தால் செலவு ரூ.1.25. ஆக, அடியேன் ஒண்ணேகால் ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் 2,840 ரூபாய் அழுதிருக்கிறேன். காஸ்ட் அக்கவுன்டிங்கில் எனக்கு மார்க் போட்ட புண்ணியவான் யாரோ!

பணம் போகட்டும் சார், அடுத்த மாசம் வந்துவிடும். விரல் நுனியில் ஒரு சின்ன நரம்பும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தது. ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த நுனியில் இன்னமும் உணர்ச்சி இல்லை. பில் கட்டைப் புரட்டினால் ஒரு தாள் வந்ததா, ரெண்டு வந்ததா தெரியாது. ராத்திரி குழந்தை அனத்தினால், நெற்றியில் தொட்டுப் பார்க்க இடது கைதான் முதலில் போகும். சூடு சரியாகத் தெரியாமல், அப்புறம் வலது கையை வைத்துப் பார்ப்பேன்.

அதற்காக மாடல் செய்வதை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. நாளெல்லாம் கம்ப்யூட்டரில் நான் முட்டி மோதிச் செய்கிற வேலை எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, 'இது நான் செஞ்சது' என்று காட்ட முடியாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் மேஜையில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தால், அது உருண்டால், அன்றைக்கு ஏதோ ஒன்று நடந்தது என்கிற திருப்தி. ஆபீஸ் போகிற நண்பர்கள் நிறையப் பேர் இப்போது ஆர்டர் போட்டு பிளாஸ்டிக் கிட் வரவழைக்கிறார்கள். விமானம் 1:72, ராணுவ டாங்கி 1:35 என்று பேச்சு அமர்க்களப்படுகிறது. 'டூல்ஸ் என்னப்பா வாங்கலாம்?' என்று என்னைக் கேட்கிறார்கள். நாலு தையல் போட்ட தகுதியில் சொல்கிறேன்.

ஆசாரி சொன்ன சூத்திரம்

தையல் பிரித்த வாரம், எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் விரலைக் காட்டிப் பெருமையாகக் கதை சொன்னேன். அறுபது வயசிருக்கும் அவருக்கு. சின்னப் பையனாக உளி பிடித்தவர். இன்றைக்கும் பத்து விரலும் பத்திரம்.

"கத்தி ரொம்ப கூர்மைண்ணே" என்றேன்.

"இல்ல தம்பி. கூரா இருந்திருந்தா இது நடந்திருக்காது. மொண்ணைக் கத்திதான் ரத்தம் கேக்கும்" என்றார். "கூரான கத்தி நீங்க சொன்ன இடத்துக்குப் போவும். மொண்ணைக் கத்தி அழுத்தற பக்கமெல்லாம் வழுக்கும். நீங்க வெட்டல, அமுக்கியிருக்கீங்க."

யோசித்துப் பார்த்தால் இதில் எல்லாமே அடங்கிவிடுகிறது. கூர் போனால் பலம் போடுகிறோம். பலம் போட்டால் கை கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. திடீரென்று பிடி விட்டதும், போட்ட பலமெல்லாம் அடுத்த கைக்குப் போய்ச் சேருகிறது. நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சாமானுக்கும் இந்த ஒரே சூத்திரம்தான்.

32 அயிட்டம் பெட்டி வேண்டாம்

முதல் தப்பு எல்லாரும் செய்வது: பளபளவென்று பெட்டி நிறைய 32 அயிட்டம் உள்ள செட் வாங்குவது. நானும் வாங்கினேன். அதில் இருபத்தெட்டு இன்னும் பெட்டியிலேயே சுகமாகத் தூங்குகின்றன. உபயோகப்பட்ட நாலும் மூணு மாசத்தில் ஆட்டம் கண்டுவிட்டன.

ஆரம்பிக்கிறவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கட்டர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு கட்டிங் மேட், ஒரு முள்வாங்கி, சின்ன அரம் ஒன்றிரண்டு, உப்புத்தாள். பிளாஸ்டிக் கிட் என்றால் கூட ஒரு நிப்பர். அவ்வளவே! ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர்களுக்காக விற்கிற முள்வாங்கியும் நிப்பரும் நமக்கும் பேஷாக உதவும். மற்றது ஸ்டேஷனரி கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

கத்தி... கத்தி!

முனையை உடைத்து உடைத்து உபயோகிக்கிறோமே கட்டர், அதற்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. ஜப்பானில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா என்பவர், பேப்பர் வெட்டி வெட்டி பிளேடு மழுங்குவதைப் பார்த்து அலுத்துப்போனார். செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டின் ஓரம் மழுங்கியதும் அதை உடைத்துப் புது ஓரத்தால் சுரண்டுவது அவர் நினைவுக்கு வந்தது. கோடு கோடாக உடைத்துச் சாப்பிடும் சாக்லெட்டும் நினைவுக்கு வந்தது. ரெண்டையும் முடிச்சுப் போட்டார். 1956-ல் பிறந்தது உடைக்கும் பிளேடு. அவர் கம்பெனியின் பெயர் 'ஓல்ஃபா'. ஜப்பானிய மொழியில் 'உடைக்கும் பிளேடு' என்பதன் சுருக்கம் அது.

அதாவது, உடைப்பதற்காகவே கண்டுபிடித்த சாமான். அதை உடைக்காமல் பொத்திப் பொத்தி வைத்தால் தப்பு யார் மேல்?

சின்ன வேலைக்கு 9 மில்லிமீட்டர் அகல பிளேடு போதும். கனமான அட்டை, ஃபோம் ஷீட் என்றால் 18 மில்லிமீட்டர். வாங்கும்போது பிளேடை வெளியே தள்ளி, பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். வேலை செய்யும்போது ஒரு முனை, மிஞ்சினால் ரெண்டு முனைதான் வெளியே தெரிய வேண்டும். முழம் நீட்டினால் வளைந்து பட்டென்று உடையும். கீழே வைக்கும்போது உள்ளே இழுத்துவிட வேண்டும்.

நுணுக்கமான வேலைக்கு சர்ஜிகல் கடையில் கிடைக்கும் 3-ம் நம்பர் கைப்பிடி, 11-ம் நம்பர் பிளேடு. கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை! ஆனால் ரொம்ப மெல்லிசு. பக்கவாட்டில் நெம்பினால் முனை தெறிக்கும். மாட்டுவதும் கழற்றுவதும் குறடால்தான், விரலால் அல்ல.

வெட்டும் முறை: ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் இழுப்பு வெறும் கோடு மாதிரி. அப்புறம் அதே தடத்தில் நாலைந்து முறை, மெதுவாக. ரெண்டு தடவை இழுத்தும் தடம் ஆழமாகவில்லை என்றால், முனையை மாற்றும் நேரம் வந்தாச்சு. இன்னொரு கை எப்போதும் பிளேடு போகும் பாதைக்கு வெளியே. மடியில் வைத்து வெட்டவே கூடாது. கத்தி மேஜையிலிருந்து உருண்டு விழுந்தால்... விழட்டும்! பிடிக்கப் போகாதீர்கள். காலை மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் விட்ட கேட்ச்சை எல்லாம் இங்கே பிடிக்க வேண்டாம்.

உடைத்த துண்டு எங்கே?

இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆசாரியிடம் பாடம் கேட்டபின் ஞானோதயம் வந்து, எதற்கெடுத்தாலும் முனையை உடைக்க ஆரம்பித்தேன். மேஜை ஓரத்தில் வைத்துக் கட்டை விரலால் ஒரு அழுத்து... டிக்! ஒரு நாள் உடைந்த துண்டு எங்கேயோ பறந்தது. அரைமணி தேடிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்துப் பெருக்கும்போது என் மனைவியிடம் அகப்பட்டது. எங்கே தெரியுமா? மகள் விளையாடுகிற பாய்க்குப் பக்கத்தில். அவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். கையில் எது கிடைத்தாலும் வாய்க்குப் போகிற வயசு.

மனைவி கத்தவில்லை. துண்டைக் கொண்டுவந்து என் எதிரில், டபுள் டெக்கரின் மேல் மாடியில் வைத்தாள். "ஏங்க, இது உங்களுது" என்றாள். அவ்வளவுதான். தையல் போட்ட அன்றைக்குக்கூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இது: உடைப்பது குறடால் மட்டும், மேலே ஒரு துணி போர்த்தி, கண்ணில் கண்ணாடி மாட்டி. உடைந்தது நேராக டப்பாவுக்குள். பழைய பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன். நிறைந்ததும் சுற்றிலும் டேப் ஒட்டி, 'பிளேடு' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். குப்பையோடு கலந்து போடாதீர்கள். அதைக் கையால் பிரிக்கிறவருக்கும் பத்து விரல்தான்.

ஸ்கேலும் மேட்டும்

என்னைப் போல பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டாதீர்கள். பிளேடு அதைச் சீவிக்கொண்டு மேலே ஏறும். ஸ்டீல் ஸ்கேல், முடிந்தால் அடியில் கார்க் ஒட்டினது. வழுக்காது. கார்க் இல்லையா? அடியில் ஒரு நீள உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேலைப் பிடிக்கும்போது விரல் நுனி ஓரத்தைத் தாண்டி எட்டிப்பார்க்கக் கூடாது.

கட்டிங் மேட் A4 சைஸ் போதும். மேஜையும் பிழைக்கும், பிளேடும் சீக்கிரம் மழுங்காது. அதன் மேல் சூடான காபி டம்ளரை வைத்துவிடாதீர்கள். மேட் வளைந்து பப்படம் ஆகிவிடும். அனுபவம் பேசுகிறது.

நிப்பர், அரம், உப்புத்தாள்

பிளாஸ்டிக் கிட்டில் பாகங்கள் ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்கும். பிய்த்து எடுத்தால் பாகமே பிய்யும். நிப்பரால் ரெண்டு தவணையாக வெட்டுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து தள்ளி. ரெண்டாவது ஒட்டினாற்போல. மிச்சமிருக்கும் பொட்டை உப்புத்தாளில் தேய்த்துவிடலாம். வெட்டும் இடத்தின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டால் துண்டு கண்ணுக்குத் தெறிக்காது. பிளாஸ்டிக் வெட்டும் நிப்பரால் ஆணியும் கம்பியும் வெட்டாதீர்கள். வாய் போய்விடும். வாய் போன நிப்பரை அழுத்த வேண்டிவரும். மறுபடி ஆசாரி சூத்திரம்தான்!

அரம் தள்ளும்போதுதான் அராவும். இழுக்கும்போது அழுத்தினால் பல்லுக்குத்தான் நஷ்டம். கைப்பிடி இல்லாத அரத்தின் வால் முனை கூராக இருக்கும், உள்ளங்கையில் ஏறும். ஒரு மரக் கைப்பிடி போட்டுவிடுங்கள்.

உப்புத்தாளில் நம்பர் ஏற ஏற நைஸ். 220-ல் ஆரம்பித்து 400, 600 என்று போகலாம். வாட்டர் பேப்பராக வாங்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. காய்ந்தபடி தேய்த்தால் மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்தது வீட்டில் எங்கேயாவது கிடக்கும், தேடிப் பாருங்கள்.

ஒட்டும், ஒட்டாது

விநாடியில் ஒட்டும் பசை இருக்கிறதே, அது பிறந்ததே ஒரு தொந்தரவாகத்தான். 1942-ல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணரும் சகாக்களும், துப்பாக்கியில் குறி பார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமாச்சாரம் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்க, வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல்தான் அது பசையாகக் கடைக்கு வந்தது.

காற்றிலும் தோலிலும் இருக்கிற ஈரம் பட்டால் இறுகும். அதனால்தான் விரல் சட்டென்று ஒட்டுகிறது. ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், தோல் வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்கலாம். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு ரிமூவரும் உதவும். ஆனால் அது பிளாஸ்டிக் மாடலைக் கரைத்துவிடும், தள்ளி வையுங்கள். கண்ணில் பட்டால் இந்த வித்தையெல்லாம் கூடவே கூடாது. தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ நிறையக் கொட்டினால் குபீரென்று சூடாகும். தோல் வெந்துவிடும். லுங்கி கட்டிக்கொண்டு மடியில் வைத்து ஒட்டுகிற மகானுபாவர்கள் கவனிக்க. இதற்கு மேல் விவரித்துச் சொல்ல இது குடும்பப் பத்திரிகை.

பெயின்ட், தின்னர் எல்லாம் ஜன்னல் பக்கம்தான். கொசுவர்த்தி, சுவாமி விளக்கு, காஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

அப்படியும் வெட்டிக்கொண்டால்?

சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிஷம் அழுத்துங்கள். நின்றதா நின்றதா என்று எட்டிப் பார்க்க வேண்டாம். கையை உயர்த்திப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். ரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மடங்காவிட்டாலோ, நுனி மரத்துப்போனாலோ, அன்றைக்கே டாக்டர். டி.டி. ஊசி எப்போது போட்டது என்றும் சொல்லுங்கள். 'வலியே இல்லையே' என்று சந்தோஷப்படாதீர்கள். வலிக்காததுதான் எனக்கு வினையாக முடிந்தது.

கடைசியாக, சாமான் கடையில் விற்காத ஒன்று: நேரம். தூக்கம் வந்தால், ஆபீஸ் கடுப்பு தீரவில்லையென்றால், 'இந்த ஒண்ணு மட்டும்' என்று வாய் முணுமுணுத்தால், கத்தியை மூடிவிடுங்கள். பஸ் எங்கேயும் போய்விடாது. 1:50 ஸ்கேல் பஸ்ஸுக்குக் கடைசி டிரிப் கிடையாது.

என் டபுள் டெக்கர் முடிந்து ஷோகேஸ் மேல் நிற்கிறது. ஒரு ஜன்னல் மட்டும் கொஞ்சம் கோணல், எந்த ஜன்னல் என்று உங்களுக்கே தெரியும். மகளுக்கு இப்போது ரெண்டரை வயசு. தூக்கிக் காட்டினால் "பஸ்ஸு!" என்கிறாள். மேஜைப்பக்கம் வந்தால் டப்பாவைக் காட்டி "ஊ... கத்தி" என்று அவளே தள்ளி நிற்கிறாள்.

வருஷக் கணக்கை முடித்துவிடுகிறேன். டப்பாவில் விழுந்த முனைகள் 61. தலா ரூ.1.25 வீதம் மொத்தச் செலவு ரூ.76.25. தையல் செலவு இல்லை. விரல் கணக்கில் ஓப்பனிங் பேலன்ஸ் பத்து, க்ளோசிங் பேலன்ஸ் ஒன்பதே முக்கால்.

உங்களுக்குப் பத்தாகவே இருக்கட்டும்!